நான்கு விடைகளுடன் வராத நோயாளி

பயிற்சி மருத்துவராக நான் பணியாற்றிய ஓராண்டில், என் வெள்ளை அங்கியின் வலப்பையில் ஸ்டெதாஸ்கோப்பும் இடப்பையில் நான்காக மடித்த வினாத்தாள் குறிப்புகளும் இருந்தன. வார்டில் பத்து நிமிடம் ஓய்வு கிடைத்தாலும் இடக்கை தானாகவே பைக்குள் போய்விடும். என்னுடன் பயின்ற பெரும்பாலானோரின் நிலையும் இதுதான். ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படிப்பின் கடைசி ஆண்டு, நோயாளியின் உடலில் கைவைத்துக் கற்பதற்கென்றே ஒதுக்கப்பட்டது. ஆனால் அது முடிந்தவுடன் நீட் முதுநிலைத் தேர்வு காத்திருக்கிறது. மூன்றரை மணி நேரத்தில், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய 200 கேள்விகள், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறினால் ஒன்று குறையும். நாடு முழுவதும் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதும் அந்தத் தேர்வில் பெறும் தரவரிசைதான் ஒருவர் கண் மருத்துவராவதையும் எலும்பு மருத்துவராவதையும் முடிவு செய்கிறது. எனவே கையால் கற்க வேண்டிய ஆண்டை, கைப்பேசியில் கேள்விகளைத் தள்ளித் தள்ளிப் படிப்பதில் செலவிடுகிறோம். இதற்காக என் நண்பர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. தேர்வை அந்த இடத்தில் வைத்திருக்கும் ஏற்பாட்டைத்தான் குறைகூற வேண்டும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அளிக்கும் சட்டம் 2020-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது, அதன் வழியே சேர்ந்த முதல் அணியில் நானும் இருந்தேன். எங்கள் தெருவில் எனக்கு முன் மருத்துவம் படித்தவர் எவரும் இல்லை. சேர்ந்த நாளில் என்னை வாழ்த்தியவர்களே, இறுதியாண்டு நெருங்கியபோது, "எம்.பி.பி.எஸ். மட்டும்தானா? மேல என்ன டாக்டருக்குப் படிக்கப் போற?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கதிரியக்கத் துறை என்று சொல்லிவந்தேன். அதற்கு நல்ல மதிப்பு உண்டு, இரவுப் பணி குறைவு, வருமானமும் நன்றாக இருக்கும் என்று மூத்த மாணவர்கள் சொன்னதை அப்படியே என் விருப்பமாக ஏற்றுக்கொண்டிருந்தேன். அந்தத் துறையை நான் இழிவாகக் கருதவில்லை. அன்று அதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்பதை மட்டும் இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

பொது மருத்துவப் பிரிவில் எனக்கு இரண்டு மாதப் பணி. தென்மாவட்டம் ஒன்றிலுள்ள அரசு மருத்துவமனை அது. எங்கள் யூனிட்டின் அட்மிஷன் நாளில் வார்டு நிரம்பி, தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களைத் தாண்டித்தான் நடக்க முடியும். ரத்தம் எடுப்பது, குழாய்களில் பெயரெழுதி ஆய்வகத்துக்கு அனுப்புவது, மூக்கு வழியே உணவு செலுத்தும் குழாயைப் பொருத்துவது, ஸ்கேன் எடுக்கும் இடத்துக்கு நோயாளியோடு ஓடுவது, கேஸ் ஷீட் எழுதுவது ஆகியவையே ஹவுஸ் சர்ஜன் எனப்படும் பயிற்சி மருத்துவரின் வேலை. முதல் வாரங்களில் இவற்றை எடுபிடி வேலை என்று எண்ணி மனம் சலித்ததுண்டு. ஆனால் ஒரே நாளில் நாற்பது பேரின் கையைப் பிடித்து நரம்பு தேடினால், கேட்காமலே நாற்பது கைகளைப் பற்றிய அறிவு வந்துசேரும். காய்ச்சலின் சூடு, ரத்தசோகையின் வெளிறல், நெல்நாற்றின் பச்சை படிந்த விரல் நகம், மருந்துக்கடை ஊசிகள் பட்டுக் கெட்டியான தழும்பு என்று ஒவ்வொரு கையும் ஏதோ ஒன்றைச் சொல்லும்.

அப்படி ஓர் அட்மிஷன் நாளின் இரவு முடியும் நேரம், ஏறத்தாழ ஐந்து மணி இருக்கும். பத்தொன்பது வயது இளைஞன் ஒருவனை அவனுடைய தாயும் சித்தப்பாவும் அழைத்துவந்தார்கள். கடும் வயிற்றுவலி, இரண்டு முறை வாந்தி. முந்தைய இரவு திருவிழாச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறான். எங்கள் பட்டமேற்படிப்பு மருத்துவர் அப்போது அடுத்த அறையில், பூச்சிமருந்து குடித்த ஒருவருக்கு அட்ரோபின் செலுத்திக்கொண்டே கண்பாவையையும் மார்புச் சத்தத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அழைக்க எனக்குத் தயக்கமாக இருந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், இறுக்கம் இல்லை. இரைப்பை அழற்சி என்று கேஸ் ஷீட்டில் எழுதி, பேன்டாப்ரசோல் ஊசியும் வலிக்கு ஓர் ஊசியும் போடச் சொன்னேன். அந்தத் தாய், "ராத்திரி ஏதோ பூச்சி ஊர்ந்த மாதிரி இருந்துச்சுன்னு சொன்னான் டாக்டரம்மா" என்று என்னிடம் சொன்னார். பூச்சி என்ற சொல் என் காதில் விழுந்தது, ஆனால் மனத்தில் பதியவில்லை. எங்கள் ஊரிலும் இருட்டிய பிறகு பாம்பு என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், பூச்சி என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லோடு வளர்ந்த நானே, வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டதும் அதன் பொருளை மறந்துபோயிருந்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து, ரத்த அழுத்தம் பார்க்கப்போன மூத்த செவிலியர் என்னை அழைத்தார். "டாக்டர், இந்தப் பையன் தூங்கல. கண்ணத் திறக்க முடியாமத்தான் மூடியிருக்கான்" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். நெற்றியைச் சுருக்கி இமைகளை உயர்த்த அவன் முயன்றுகொண்டிருந்தான். இமைகள் பாதிக்கு மேல் எழவில்லை. பேச்சு மூக்கால் வந்தது. எச்சில் விழுங்கச் சிரமப்பட்டான். அந்த நொடியில், அந்த மாதத்தில் மட்டும் நான் இரண்டு முறை சரியாக விடையளித்திருந்த ஒரு கேள்வி நினைவுக்கு வந்தது: தரையில் படுத்துறங்கிய இளைஞன் விடியற்காலையில் வயிற்றுவலியுடன் எழுகிறான், இமைகள் சரிந்துள்ளன, கடித்த தடம் எதுவும் இல்லை, காரணம் என்ன? கட்டு விரியன். கேள்வித்தாளில் ஐந்து விநாடியில் நான் தொட்ட விடை, என் எதிரே நோயாளியாக வந்து படுத்திருந்தபோது எனக்குத் தெரியவில்லை. கேள்வியை எழுதியவர் தேவையானவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து அடுக்கித் தருகிறார். நோயாளியோ திருவிழாச் சாப்பாட்டையும் வாந்தியையும் பூச்சியையும் ஒரே மூச்சில் சொல்கிறார். எதைப் பொறுக்குவது என்பதுதான் மருத்துவம், அதைத் தேர்வு எனக்கு முன்கூட்டியே செய்து கொடுத்துக்கொண்டிருந்தது.

பட்டமேற்படிப்பு மருத்துவர் வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எங்க படுத்திருந்தான்?" என்பதுதான். தரையில் என்றார் தாய். உடல் முழுவதும் தேடினோம், பல் தடம் கிடைக்கவில்லை. கட்டு விரியனின் பல் சிறியது, கடி பெரும்பாலும் வலிக்காது, வீக்கமும் வராது. உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தபோது ரத்தம் உறைந்திருந்தது. கண்ணாடி விரியனாக இருந்திருந்தால் பெரும்பாலும் உறைந்திருக்காது. பிறகு, மூச்சுத் தசைகளின் வலுவை அறிய, மூச்சை இழுத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார். பதினான்கில் நின்றான். நச்சுமுறி மருந்து 10 குப்பிகள் கரைக்கப்பட்டு ஏறத் தொடங்கியது. ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் ஊசியை நிரப்பிக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். அரை மணிக்கு ஒருமுறை எண்ணச் சொன்னேன். பதினொன்று, ஒன்பது, ஆறு. ஆறில் நின்றபோது தொண்டைக்குள் குழாய் செலுத்தி, தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசக் கருவியோடு இணைத்தார்கள். இந்தப் பாம்பின் நஞ்சு நரம்பு முனைகளையே சிதைப்பதால், மருந்து கொடுத்த பிறகும் அவை மீண்டும் உருவாகும்வரை உடலுக்காக நாம்தான் மூச்சுவிட வேண்டும். முக்கால் மணி நேரம் முந்தியிருந்தால் அவன் கருவிக்குப் போயிருக்கமாட்டான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று யூனிட் தலைவர் என்னிடம் கூறினார். போயிருக்கத்தான் வேண்டும் என்றும் அவர் சொல்லவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. நான் எழுதிய கேஸ் ஷீட்டை என் கையில் கொடுத்து, தாய் சொன்ன சொற்களை அப்படியே அதில் எழுதச் சொன்னார்.

அந்த நச்சுமுறி மருந்து எங்கிருந்து தொடங்குகிறது என்பதை அந்த வாரத்தில்தான் தேடிப் படித்தேன். சென்னைக்கு அருகே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் நஞ்செடுத்துத் தருகிறார்கள். அதுவே மருந்தின் மூலப்பொருள். அச்சமூகத்தைச் சேர்ந்த இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறப்பதாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. அந்த இளைஞனுக்கான அறிவிப்புப் படிவத்தை நிரப்பியவள் நான்தான். மாணவியாக இருந்தபோது இவை எனக்கு ஒரு மதிப்பெண் கேள்விகளாக மட்டுமே இருந்திருக்கும்.

கருவியில் இருந்த ஆறு நாட்களில் பெரும்பாலான நேரம் அவன் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. கண்பாவைகள் விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நின்றன. விவரம் அறியாதவர் மூளை இறந்துவிட்டது என்றே எண்ணிவிடக்கூடிய தோற்றம். ஆனால் கட்டு விரியன் நஞ்சு தசையை முடக்குமேயன்றி நினைவை முடக்காது. "அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறான், படுக்கைக்கு அருகே பேசும்போது நினைவிருக்கட்டும்" என்று யூனிட் தலைவர் ரவுண்ட்ஸில் எங்களிடம் சொன்னார். அன்று முதல், ரத்தம் எடுக்கும்போதும் சளி உறிஞ்சும்போதும், என்ன செய்யப்போகிறேன் என்பதை முதலில் அவனிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். மணி என்ன, வெளியே மழையா, அம்மா சாப்பிட்டார்களா என்றும் சொல்வேன். எவ்வித மறுமொழியும் வராத ஒருவரிடம் பேசிக்கொண்டிருப்பது எளிதல்ல. ஏழாம் நாள் கருவி அகற்றப்பட்ட பின், கரகரத்த குரலில் அவன் என்னிடம், "மழைன்னு சொன்னீங்கல்ல அக்கா" என்றான். என் இடப்பையில் இருந்த குறிப்புகளை அன்றிரவு விடுதி மேசையில் வைத்துவிட்டேன். தேர்வுக்குப் படிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் அவற்றை மறுபடியும் வார்டுக்குக் கொண்டுபோகவில்லை.

இப்போது என் விருப்பம் வேறு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உதவி மருத்துவராகச் சேர வேண்டும். நச்சுமுறி மருந்து அங்கேயே இருந்து, கொடுக்கத் தெரிந்த கையும் அங்கேயே இருந்தால், பெரிய மருத்துவமனைக்கு வரும் வழியில் மூச்சை இழப்பவர்கள் குறைவார்கள். பணியில் உள்ளவர்களுக்குப் பட்டமேற்படிப்பில் தனி ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் அந்த ஒதுக்கீடு மாநில அரசின் இடங்களில் 50 விழுக்காடு. கிராமத்தில் சில ஆண்டுகள் நின்று பழகிய மருத்துவர் படித்துத் திரும்பும் இந்த வழியை நான் மிகவும் மதிக்கிறேன். அதன் மூலம் அவசர சிகிச்சை மருத்துவம் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா நெடுநேரம் பேசாமல் இருந்து, "எம்.பி.பி.எஸ். மட்டும்தான்னு சொல்றவங்க சொல்லட்டும்" என்றார். அவருக்கு அதைச் சொல்வது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

அந்த இளைஞன் வீடு திரும்பிய நாளில், கடைசியாக ஒருமுறை எண்ணச் சொன்னேன். ஒரே மூச்சில் முப்பத்திரண்டு வரை போனான். டிஸ்சார்ஜ் சீட்டை எழுதிக்கொண்டே, இனி தரையில் படுக்க வேண்டாம், கட்டிலில் படுக்கட்டும் என்று அவன் தாயிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "ஒத்தை ரூம்புதான் தாயி. கட்டில் போட்டா நாங்க அஞ்சு பேரும் எங்க படுக்கிறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அருகிலிருந்த அதே மூத்த செவிலியர்தான், கொசுவலை கட்டி அதன் ஓரங்களைப் பாய்க்கு அடியில் இடைவெளியில்லாமல் செருகினால் கட்டு விரியன் உள்ளே வராது என்று, தம் புடவைத் தலைப்பையே வலையாகப் பிடித்து அவருக்குச் செய்து காட்டினார். ஆங்கிலத்தில் எழுதியிருந்த மருந்துகளுக்குக் கீழே, அதைத் தமிழில் இரண்டு வரிகளாக எழுதி, தாய்க்கு ஒருமுறை வாசித்துக் காட்டிக் கையெழுத்திட்டேன்.