பிரெஞ்சு எழுத வேறு கீபோர்டு வேண்டாம்

பிரெஞ்சு படிக்கிற பலர் தட்டச்சு செய்யும்போது எழுத்தின் தலையில் வரும் குறிகளை அப்படியே விட்டுவிடுகிறார்கள், கேட்டால் ஆங்கில கீபோர்டில் அது இல்லையே என்கிறார்கள். இருக்கிறது. இன்னும் சிலர் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு 0233, 0232, 0231 என்று குறி போட்ட ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண்ணை மனப்பாடம் செய்கிறார்கள். தனி எண்பலகை இல்லாத லேப்டாப்பில் அந்த எண்கள் பெரும்பாலும் கைகொடுக்காது, தயவுசெய்து அதில் நேரத்தைப் போடாதீர்கள்.

விண்டோஸ் என்றால் மொழி அமைப்புகளுக்குள் போய் ஆங்கிலத்தின் கீழ் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் இன்டர்நேஷனல்' லேஅவுட்டை, அதாவது விசை அமைப்பை, சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் ஒற்றை மேற்கோளை அழுத்தினால் உடனே ஒன்றும் வராது, அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கும், இ (e) அழுத்தியதும் அக்ஸான் எகூவோடு (é) சேர்ந்து வரும். டேப்புக்கு மேலே உள்ள சாய்ந்த குறி கிராவுக்கு (è), ஷிஃப்டும் 6-ம் சிர்கோன்ஃப்ளெக்ஸுக்கு (ê), இரட்டை மேற்கோள் ட்ரெமாவுக்கு (ë). ஒற்றை மேற்கோளுக்குப் பின் சி அடித்தால் செதிய் (ç).

சிக்கல் வருவது அப்பாஸ்ட்ரபியில்தான், அதற்கும் அதே ஒற்றை மேற்கோள் விசைதான். பிரெஞ்சில் அது வரிக்கு வரி வரும், 'ஸே' (c'est) என்று எழுதப் போனால் சி-க்குப் பிறகு போட்ட குறி அடுத்து வரும் இ-யின் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பலர் வெறுத்துப்போய் இந்த லேஅவுட்டையே நீக்கிவிடுவது இதனால்தான். குறியை அழுத்தியதும் ஸ்பேஸ் பாரை ஒருமுறை தட்டுங்கள், குறி தனியாக நின்றுவிடும். கை பழகும்வரை எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் பழகிவிடும். அப்புறம், பிரெஞ்சில் அதிகம் வரும் எகூ போட்ட இ-க்கு வலது ஆல்ட்டும் இ-யும் சேர்த்து அழுத்தினாலே போதும்.

ஓவும் இ-யும் ஒட்டிய எழுத்து (œ) மட்டும் இந்த லேஅவுட்டில் கிடையாது. அந்த எழுத்தின் தலையெழுத்தே அப்படி, கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் ஐஎஸ்ஓ 8859-1 குறியீடு 1987-இல் வந்தபோதும் அதற்கு இடம் தரவில்லை, 8859-15 வந்தபிறகுதான் சேர்த்தார்கள். வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், 7 மூன்றையும் சேர்த்து அழுத்திவிட்டு ஓ அடித்தால் கிடைக்கும்.

மேக்கில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. எகூவுக்கு ஆப்ஷனும் இ-யும் அழுத்திவிட்டு மறுபடி இ, செதிய்க்கு ஆப்ஷனும் சி-யும், அந்த ஒட்டெழுத்துக்கு ஆப்ஷனும் க்யூவும். அப்பாஸ்ட்ரபி அதன்பாட்டுக்கு இருக்கும். லினக்ஸில், அடுத்தடுத்து அழுத்தும் விசைகளை ஒரே எழுத்தாகச் சேர்க்கும் கம்போஸ் விசையை இயக்கிக்கொள்ளுங்கள், எனக்குத் தெரிந்து இருப்பதிலேயே எளிய வழி அதுதான்.

பெரிய எழுத்துக்குக் குறி வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், போடத்தான் வேண்டும் என்பது பிரெஞ்சு அகாதமியின் நிலைப்பாடு. பிரான்ஸின் வழக்கமான அஸெர்டி கீபோர்டில் எகூ போட்ட இ இருப்பது 2-ஆம் எண் விசையில், ஷிஃப்ட் போட்டால் பெரிய எழுத்துக்குப் பதில் 2 வந்து நிற்கும். 2019-இல் வந்த புதிய தரநிலைதான் இதைச் சரிசெய்தது. இன்டர்நேஷனல் லேஅவுட்டில் ஒற்றை மேற்கோள், பிறகு ஷிஃப்டோடு இ, அவ்வளவுதான்.