ஃபோர்த்ஸ் ட்யூனிங்கில் ஆல்டர்டு ஸ்கேல்: ஏறுவரிசை கைக்கு வந்துவிட்டது

நேற்று இரவு நிமிடத்துக்கு 160 தட்டு வேகத்தில், கிதாரில் ஜி ஆல்டர்டு ஸ்கேலை (ஜாஸில் வரும் ஏழு ஸ்வர வரிசை) மூன்று ஆக்டேவும் (ஸ்தாயி) எங்கும் தடுக்காமல் ஏறி முடித்தேன். நான்கு மாத உழைப்பு. மெட்ரோநோமை நிறுத்திய பிறகும் கிதாரைக் கீழே வைக்க மனம் வரவில்லை. இன்னும் ஐந்து தடவை வாசித்தேன்.

ட்யூனிங், தடித்த 6ஆம் தந்தியிலிருந்து, ஈ, ஏ, டி, ஜி, சி, எஃப். ஒவ்வொரு தந்தியும் முந்தியதைவிட ஒரு ஃபோர்த், அதாவது ஐந்து ஃப்ரெட், மேலே. வழக்கமான ட்யூனிங்கில் கடைசி இரண்டும் பி, ஈ; இங்கே அவை அரை ஸ்வரம் ஏறியிருக்கின்றன. ஜாஸ் கிதார் கலைஞர் ஸ்டான்லி ஜோர்டன் வைத்திருக்கும் அதே ட்யூனிங்தான். ஆக்டேவ் எங்கே எடுத்தாலும் இரண்டு தந்தி தள்ளி, இரண்டு ஃப்ரெட் மேலே. வழக்கமான ட்யூனிங்கில் ஜி தந்தியிலிருந்து பி தந்திக்குப் போகும்போது ஒரு ஃப்ரெட் நகர்த்தும் வேலை இங்கே இல்லை.

அதனால் ஒரே கைவடிவம் மூன்று முறை வருகிறது. 6ஆம் தந்தியில் 3, 4, 6ஆம் ஃப்ரெட்டுகள். 5ஆம் தந்தியில் 2, 4, 6, 8. ஏழு ஸ்வரமும் முடிந்தது. அடுத்த ஜோடித் தந்தியில் 5, 6, 8, அப்புறம் 4, 6, 8, 10. கடைசி ஜோடியில் 7, 8, 10, அப்புறம் 6, 8, 10, 12.

சிக்கல் முழுக்க அந்த நான்கு ஸ்வரத் தந்தியில்தான். 2இலிருந்து 8வரை கை எட்டாது, எங்காவது சறுக்கியே ஆக வேண்டும். ஆள்காட்டி விரலை 2இலிருந்து 4க்குச் சறுக்கினேன். முதல் ஆக்டேவில் அருமையாக ஒலித்தது. இரண்டாவதில் அதே சறுக்கல் நொண்டியது. மூன்றாவதில் மறுபடி சரி. மூன்று வாரம் என் விரலைத்தான் சந்தேகப்பட்டேன்.

ஒரு நாள் 60 வேகத்தில் வைத்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டே வாசித்தபோது பிடிபட்டது. ஸ்கேலில் ஏழு ஸ்வரம், எய்த் நோட்டாக (தட்டுக்கு இரண்டு) வாசித்தால் நான்கு தட்டு கொண்ட ஒரு பாருக்கு எட்டு. ஆக ஒவ்வொரு ஆக்டேவும் அரைத் தட்டு முன்னால் தொடங்குகிறது. முதல் ஆக்டேவில் சறுக்கல் ஆஃப்பீட்டில் (இரண்டு தட்டுக்கு நடுவில்) கிளம்பித் தட்டில் வந்து விழுகிறது. ஜாஸ் வாசிப்புக்கு அதுதான் அழகு. இரண்டாவதில் தட்டில் கிளம்பி ஆஃப்பீட்டில் விழுகிறது, ஸ்விங் அங்கேயே செத்துவிடுகிறது. இப்போது நடு ஆக்டேவில் மட்டும் மோதிர விரல் 6இலிருந்து 8க்குச் சறுக்குகிறது. கைவடிவம் ஒன்றுதான், விரல் வேறு. அன்று மாலையே வேகம் ஏறத் தொடங்கியது.

தந்தி விஷயம். அரை ஸ்வரம் ஏற்றினால் இழுவிசை சுமார் 12 சதவீதம் கூடும். வழக்கமான 10-46 செட்டை (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தந்தித் தடிமன்) அப்படியே ஏற்றினால் மெல்லிய இரண்டு தந்திகளும் விரலை அறுக்கும். முதல் தந்திக்கு 9.5, இரண்டாவதற்கு 12 போட்டால் பழைய இறுக்கம் கிட்டத்தட்டத் திரும்பிவிடுகிறது. ஆனால் 9.5 தனித் தந்தியாகக் கிடைப்பது பெரிய பாடு. நான் வழக்கமாகப் போகும் கடையில் 9 கொடுத்து, இரண்டும் ஒன்றுதான் என்றார்கள். ஒன்றே இல்லை, 9 தொளதொளவென்று இருந்தது. கடைசியில் இணையத்தில் ஒரு டஜனாக வரவழைத்தேன். தந்தி மாற்றினால் சேடிலில் (பிரிட்ஜில் தந்தி அமரும் இடம்) இன்டொனேஷனையும், அதாவது மேல் ஃப்ரெட்டுகளிலும் சுருதி சரியா என்றும், பார்த்துவிடுங்கள்.

கார்டுகளில் இழப்பு உண்டு. ஒரே விரலைக் குறுக்கே வைத்து அழுத்தும் ஆறு தந்தி பாரே கார்டுகள் போயே போய்விட்டன. 6, 4, 3ஆம் தந்தி ஷெல் வாய்சிங்குகளுக்கு (முக்கியமான மூன்று ஸ்வரம் மட்டும் வாசிக்கும் கார்டுகள்) ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் மெல்லிய நான்கு தந்திகளில் வாசிக்கும் மேஜர் 7 கார்டு, முன்பு (4ஆம் தந்தியிலிருந்து 1ஆம் தந்திவரை) 3-5-2-4 என்று கைக்குள் அடங்கியது, இப்போது 3-5-1-3 என்று ஐந்து ஃப்ரெட்டுக்கு விரிகிறது. சுண்டு விரல் இன்னும் பழகவில்லை.

அடுத்து பீபாப் டாமினன்ட் என்ற இன்னொரு ஜாஸ் ஸ்கேல். அதில் எட்டு ஸ்வரம், ஜோடித் தந்திக்கு நான்கும் நான்குமாகப் பிரியும். தட்டு நகராது, ஆகவே மூன்று ஆக்டேவுக்கும் ஒரே விரல் போதும். ஜாஸ் கிதார் கலைஞர் ரால்ஃப் பாட் வாசித்த மேஜர் தேர்ட்ஸ் ட்யூனிங்கும் (தந்திக்குத் தந்தி நான்கு ஃப்ரெட் மேலே) மனதில் சுழல்கிறது: மூன்று தந்தி, நான்கு ஃப்ரெட், பன்னிரண்டு ஸ்வரமும் கையை நகர்த்தாமலே. அதற்கு இரண்டாவது கிதாரை ஒதுக்கலாம் என்றிருக்கிறேன்.

அதற்கு முன் ஆல்டர்டு இறங்குவரிசை பாக்கி. இறங்கும்போது சறுக்கல் எந்த ஆக்டேவில் எந்த விரலுக்கு என்று புதிதாக எண்ண வேண்டும். இப்போதைக்கு அதில் வேகம் 112.