கோட்க்யூஎல் பழக யு-பூட்டில் தொடங்குங்கள்

கோடில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேட கோட்க்யூஎல் என்ற குவெரி மொழியைக் கற்க வேண்டும், எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். ஆவணங்களை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருக்காதீர்கள், கிட்ஹப் செக்யூரிட்டி லேப் வெளியிட்ட, யு-பூட் என்ற மென்பொருளில் ஓட்டை தேடும் பயிற்சியைச் செய்யுங்கள். இலக்கணம் போகப்போக வந்துவிடும். கோடைப் பார்த்து என்ன கேள்வி கேட்பது என்பதுதான் லேசில் வராது, அதை அந்தப் பயிற்சி கற்றுத்தருகிறது.

கோட்க்யூஎல் செம்மில் என்ற நிறுவனம் உருவாக்கியது, 2019-இல் கிட்ஹப் அதை வாங்கியது. சோர்ஸ் கோடை ஒரு டேட்டாபேஸாக மாற்றிவிட்டு ஃப்ரம், வேர், செலக்ட் என்று குவெரி எழுதிக் கேட்கலாம். பார்க்க எஸ்க்யூஎல் மாதிரி இருந்தாலும் உள்ளே டேட்டாலாக் (படிப்படியாகக் கட்டளையிடாமல் தர்க்க விதிகளாக எழுதும் மொழி) வழி வந்தது, அதனால் ஃபார் லூப் எழுதிப் பழகிய கை கொஞ்ச நாள் தடுமாறும்.

சரி, யு-பூட்டுக்கு வருவோம். ரவுட்டர் போன்ற சின்னச் சின்னக் கருவிகளில் முதலில் ஓடி இயங்குதளத்தை ஏற்றிவிடும் பூட்லோடர் அது. நெட்வொர்க்கில் என்எஃப்எஸ் (வேறொரு கணினியின் ஃபைல்களைப் படிக்கும் முறை) வழியாக, இயங்குதளத்தின் மையமான கெர்னலை எடுத்து பூட் செய்யவும் முடியும். அப்போது சர்வர் அனுப்பும் பாக்கெட்டில் நீளம் என்று ஓர் எண் வரும், பழைய யு-பூட் அதை அப்படியே நம்பி மெம்காபியிடம் (நினைவகத்தில் இத்தனை பைட் என்று நகலெடுக்கும் சி ஃபங்ஷன்) கொடுத்துவிட்டது. சிம்லிங்க் (வேறொரு ஃபைலைச் சுட்டும் இணைப்பு) பதிலைப் படிக்கும் ஃபங்ஷனில் ஃபைல் பாதையை வைத்துக்கொள்ள 2048 பைட் பஃபர்தான் இருந்தது, சர்வர் பக்கம் இருப்பவர் அதைவிடப் பெரிய எண்ணை அனுப்பினால் அந்த இடத்தைத் தாண்டியும் எழுதியது. 2019-இல் செம்மிலின் ஃபெர்மின் செர்னா வெளியிட்ட யு-பூட் ஓட்டைகள் மொத்தம் 13, அவற்றின் சிவிஇ (ஓட்டைகளுக்குத் தரும் பொது அடையாள எண்) சிவிஇ-2019-14192 முதல் 14204 வரை.

இந்த மாதிரி ஓட்டையை குவெரியில் எப்படிக் கேட்பது? "மெம்காபி எங்கெல்லாம் இருக்கிறது" என்று கேட்டால் பட்டியல் நீளும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்தது: நெட்வொர்க்கிலிருந்து வந்த எண்ணை எப்படி அடையாளம் காண்பது? பாக்கெட்டில் எண்கள் நெட்வொர்க் பைட் வரிசையில் (பெரிய பைட் முதலில்) வரும், ப்ராசஸருக்கு ஏற்றபடி மாற்ற என்டிஓஹெச்எல், என்டிஓஹெச்எஸ் இரண்டையும் பயன்படுத்துவார்கள், ஆகவே அவை இருக்கும் இடத்தில் வெளியாள் அனுப்பிய எண் உள்ளே வருகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். புரோகிராமரே தெரியாமல் விட்டுவைத்த தடயம் அது! யு-பூட்டில் இவை ஃபங்ஷன் இல்லை, மேக்ரோ, அதாவது கம்பைல் செய்யும்போது வேறு கோடாக விரியும் பெயர். அதனால் ஃபங்ஷன் அழைப்பைத் தேடினால் ஒன்றும் வராது, மேக்ரோ இன்வோகேஷனை (மேக்ரோ பயன்பட்ட இடத்தை) பிடித்து அது விரியும் எக்ஸ்பிரஷனை எடுக்க வேண்டும்.

அப்புறம் அதை சோர்ஸ் (நம்பமுடியாத மதிப்பு உள்ளே வரும் இடம்) என்றும், நீளத்தைச் சொல்லும் மெம்காபியின் மூன்றாவது ஆர்க்யுமென்டை சிங்க் (அது போய்ச் சேர்ந்தால் ஆபத்தான இடம்) என்றும் சொல்லிவிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் பாதையைத் தேடும் டெயின்ட் டிராக்கிங்கை ஓடவிட வேண்டும். வெறும் டேட்டா ஃப்ளோ போதாது, ஏனென்றால் வழியில் யாராவது அந்த எண்ணோடு 4 கூட்டினாலே அது வேறு மதிப்பு என்று விட்டுவிடும், டெயின்ட் டிராக்கிங் விடாமல் பின்தொடரும். முடிவில் ஒவ்வொரு பாதையும் படிப்படியாக விஎஸ் கோட் எடிட்டரில் தெரியும், க்ளிக் செய்து அந்தந்த வரிக்குப் போகலாம்.

இங்கேயே நிறுத்திவிடாதீர்கள். வந்த ஒவ்வொரு பாதையையும் திறந்து, இடையில் நீளத்தைச் சரிபார்க்கும் இஃப் இருக்கிறதா என்று கண்ணால் படியுங்கள். இருந்தால் அந்தச் சரிபார்ப்பை பேரியர் (பாதையைத் துண்டிக்கும் தடுப்பு) என்று குவெரியில் எழுதிச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். ஆனால் எல்லா இஃப்பையும் பேரியராக்கினால் உண்மையான ஓட்டையும் மறைந்துவிடும், நீளம் பூஜ்யமா என்று மட்டும் பார்க்கிற இஃப் எதையும் தடுக்காதே. கருவி பிழையில்லாமல் ஓடினாலும் இந்தத் தீர்ப்பு நம்முடையதுதான், எனக்கு அதிக நேரம் பிடிப்பதும் இதுவே.

யு-பூட் முடிந்ததும் ஜாவா பக்கம் போக விரும்பினால் ஜாவா வெப் ஃப்ரேம்வொர்க்கான அப்பாச்சி ஸ்ட்ரட்ஸில் 2017-இல் கண்டுபிடித்த சிவிஇ-2017-9805-ஐ எடுங்கள். அதன் ரெஸ்ட் ப்ளக்இன்னுக்கு வெளியிலிருந்து வந்த எக்ஸ்எம்எல் எந்தச் சோதனையும் இல்லாமல் எக்ஸ்ஸ்ட்ரீமுக்கு (எக்ஸ்எம்எல்லை ஜாவா ஆப்ஜெக்டாக மாற்றும் லைப்ரரி) போனது. சோர்ஸ் எது, சிங்க் எது என்று முதலில் காகிதத்தில் நீங்களே எழுதிப் பாருங்கள், வெளியான குவெரியை அதற்கப்புறம் திறக்கலாம்.