தலவாக்கலையிலிருந்து கிளிநொச்சிக்கு ஒரு பாதை

கிளிநொச்சியில் நான் வளர்ந்த தெருவில் பாதிக் குடும்பங்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவை. பாரதிபுரம், மலையாளபுரம் பக்கம் போனால் இன்னும் அதிகம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பதுளை, கண்டி, நுவரெலியா என்று பல ஊர்களிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, காடு வெட்டிக் குடியேறியவர்கள். 2009இல் வன்னியில் இறந்தவர்களில் அவர்களும் ஏராளம். என்னோடு படித்த சிலரும் அதில் அடக்கம். நம்முடைய போரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1983இல் தொடங்குவார்கள். கொஞ்சம் பின்னால் போகிறவர்கள் 1956இல். ஆனால் இந்தக் குடும்பங்கள் ஏன் வன்னிக்கு வந்தன என்று கேட்டுக்கொண்டே போனால் கதை மலையேறிவிடுகிறது. அந்தக் கேள்வியோடுதான் மாத்தளை, தலவாக்கலை, பதுளை என்று போய்வந்தேன்.

ஏ9 வீதியில் தெற்கே போகும் பஸ் தம்புள்ளையைத் தாண்டியதும் வெயில் மெல்லக் குறைகிறது. மாத்தளையில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது முத்துமாரியம்மன் கோயிலின் கோபுரம். இந்தியாவிலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்த கூலித் தொழிலாளர்கள், மலைக்கு ஏறுமுன் மூச்சுவிட்ட இடம் இந்த ஊர். அந்த வழிநெடுக வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்குக் கல்லறை கிடையாது. 2023இல் அந்த வருகையின் 200 ஆண்டை மலையகம் நினைவுகூர்ந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே தடத்தில் மக்கள் நடந்தே வந்தார்கள். கோயில் வாசலில் பூ விற்ற அம்மா ஒருவர் அந்த நடைபயணத்தில் கடைசி இரண்டு நாள் கலந்துகொண்டதாகச் சொன்னார். காலில் செருப்புக் கடித்த இடத்தைக்கூடக் காட்டினார். அவருக்கு அது கோயில் நேர்த்தி மாதிரி.

மாத்தளையில் இன்னொரு வரலாறும் இருக்கிறது. 1848இல் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தது இங்கேதான். அதன் வேரைத் தேடினால் மேற்கிந்தியத் தீவுகள் வரை போகவேண்டும். அங்கே 1830களில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும் கோப்பி விளைச்சல் விழுந்தது. இலங்கைக் கோப்பிக்கு விலை ஏறியது. கண்டி மலைகளில் நிலம் தேவைப்பட்டது. 1840இல் ஒரு சட்டம் வந்தது: உரிமையை எழுத்தில் காட்ட முடியாத நிலமெல்லாம் முடிக்குச் சொந்தம். தலைமுறை தலைமுறையாகக் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்த கிராமத்தவன் எந்தக் காகிதத்தைக் காட்டுவான்? ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு வெள்ளைக்காரர் வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் 1847இல் பிரிட்டனில் வணிக நெருக்கடி வந்து கோப்பி விலை சரிய, வருமானத்தை ஈடுகட்ட ஆளுநர் டோரிங்டன் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று போட்டார். மக்கள் எழுந்தார்கள். அவர்களுடைய தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு 1848 ஆகஸ்டில் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கண்டிச் சிங்களக் கிராமத்தவனுடைய நிலத்தைப் பறித்தது சட்டமும் தோட்டக் கம்பனியும். ஆனால் அவன் தினமும் கண்ணால் கண்டது, அந்த நிலத்தில் வேலை செய்யக் கொண்டுவரப்பட்ட தமிழனை. கோபம் யார் மேல் விழுந்தது என்பதை அடுத்த நூறு வருடம் காட்டியது. இரண்டு பக்கமும் ஏமாற்றப்பட்டவர்கள்தான் என்பதை நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். இதைச் சொல்லாமல் மலையகத்தைப் பேசுவது பாதிக் கதை.

மறுநாள் கண்டியிலிருந்து கோச்சி, அதாவது ரயில். கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன். ஜன்னல் பக்கத்துக் காட்சியைப் பற்றி நூறு பேர் எழுதிவிட்டார்கள், நான் விடுகிறேன். தலவாக்கலையில் வெளிநாட்டுப் பயணிகள் யாரும் இறங்கவில்லை. அவர்கள் நானுஓயாவுக்கும் எல்லவுக்கும் போகிறவர்கள். எனக்கோ வந்த காரணமே தலவாக்கலைதான்.

1947 பொதுத் தேர்தலில் இந்தத் தொகுதி சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. நுவரெலியாவில் தொண்டமான், நாவலப்பிட்டியில் இராஜலிங்கம். தோட்டப் பகுதிகளில் இவர்களுடைய கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஆறேழு ஆசனங்கள். அதோடு நிற்கவில்லை. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது 95இல் 42தான். கொழுந்துக் கூடையைச் சுமக்கிறவர்களுக்கும் சிவப்புக் கொடிக்காரர்களுக்கும் நடுவில் ஒரு கை கோர்ப்பு உருவாகிறது என்று பிரதமர் டி. எஸ். சேனநாயக்க கண்டுகொண்டார். சுதந்திரம் கிடைத்த அதே 1948இல், நாடு செய்த முதல் பெரிய காரியங்களில் ஒன்று குடியுரிமைச் சட்டம். தகப்பன் இலங்கையில் பிறந்ததை நிரூபி, இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததை நிரூபி. சுமார் ஏழு லட்சம் பேர் நாடில்லாதவர்களானார்கள். அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது.

தோட்டமொன்றில் லயத்து வாசலில், தொழிலாளரின் வரிசை வீடுகளின் முன்னால் உட்கார்ந்து எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாவிடம் இதைக் கேட்டேன். பிளேன்டீயும் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொடுத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினார்.

"எங்கப்பா இந்த மலையிலதான் தம்பி பொறந்தாரு. எங்க தாத்தா கோப்பிக் காலத்துல வந்தவரு. ஆனா அத எழுதி வச்சவன் யாரு? செக்ரோலுல, அதான் தோட்டத்து வேலைப் பதிவுல, பேரு இருக்கும், வேலைக்கு வந்த நாளு இருக்கும். பொறந்த நாளு அவனுக்கு எதுக்கு?"

1949இல் இன்னொரு சட்டம் வந்து, விண்ணப்பித்தால் குடியுரிமை தரலாம் என்றது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. 1964 வரை ஒன்றரை லட்சம் பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை. ஒரு தேதி பிழை, ஒரு எழுத்து வித்தியாசம், நடுவில் ஒரு தடவை இந்தியாவுக்குக் கல்யாணத்துக்குப் போய்வந்தது, எல்லாமே மறுப்புக்குக் காரணம்.

இங்கேதான் என் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. ஆட்களின் வாக்கை நீக்கினார்கள், ஆனால் தொகுதிகளைப் பிரிக்கும்போது அவர்களுடைய தலையை மட்டும் எண்ணினார்கள். விளைவு, மலைநாட்டில் மிச்சமிருந்த சிங்கள வாக்காளருக்குத் தொகைக்கு மிஞ்சிய ஆசனங்கள். 1952 பாராளுமன்றத்தில் மலையகத்தின் குரல் ஒன்றுமில்லை. அப்படிச் சாய்ந்த தராசில்தான் 1956இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. வடக்கிலும் அதிர்வு இருந்தது. தமிழ்க் காங்கிரஸ் அரசாங்கத்தில் சேர்ந்ததை ஏற்காமல் செல்வநாயகம் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று மலைநாட்டுத் தமிழனுக்கு வந்தது நாளை நமக்கு வரும் என்பதுதான் அவர் வாதம். அவர் சொன்னது நடந்தது. வடக்கின் அரசியல் இந்த மலையின் வாக்கில் தொடங்கியது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஆனால் வடக்கில் இதை நினைவில் வைத்திருப்பவர் குறைவு. அது எனக்கு வலிக்கிறது.

அடுத்தது 1964 அக்டோபர் 30. இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரின் கதி பிறகு. அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அம்மாவின் மூத்த அண்ணன் குடும்பம் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தது, இவர்கள் இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார்கள். தலைமன்னாருக்குப் போகும் கோச்சியை ஒப்பாரிக் கோச்சி என்றுதான் மலையகம் அழைத்தது. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ரயில்மேடையில் ஓடிய கதையை அவர் சொன்னபோது குரல் மாறவே இல்லை. பலமுறை சொல்லிப் பழகிய கதை அது. அண்ணன் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் போய், அங்கும் தேயிலைத் தோட்டத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தார். "கடல் தாண்டிப் போயும் கொழுந்துதான். அங்க அவங்கள சிலோன்காரங்கன்னாங்க."

1971இல் ஜே.வி.பி. என்ற மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி. ஆயுதம் தூக்கியவர்கள் வேலையில்லாத, நிலமில்லாத சிங்களக் கிராமத்து இளைஞர்கள். அவர்களுடைய அரசியல் வகுப்புகள் ஐந்தில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம். தோட்டத் தமிழர் அதன் கை என்று கற்பிக்கப்பட்டது. கிளர்ச்சி அடக்கப்பட்டது, ஆயிரக்கணக்கான இளைஞர் கொல்லப்பட்டார்கள். ஆனால் அரசாங்கம் மிரண்டு 1972இல் காணிச் சீர்திருத்தம் கொண்டுவந்தது, 1975இல் கம்பனித் தோட்டங்களையும் எடுத்தது. காகிதத்தில் பார்த்தால் நல்ல புரட்சிகரமான சட்டம். 1840இல் பறித்ததைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி. மலையிலோ அது பசியாக வந்தது. 1973–74இல் உணவுப் பஞ்சமும் சேர்ந்துகொண்டது. வேலை நாள் குறைந்தது, கோதுமை மா கிடைக்கவில்லை, துண்டாடப்பட்ட தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் துரத்தப்பட்டன. கண்டி நகரத் தெருவில் தோட்டத்து மக்கள் பிச்சை எடுத்ததை அந்த அம்மா கண்டிருக்கிறார். 1977 மே மாதம், தோட்டக் காணி 7,000 ஏக்கரைப் பிரித்துக் கொடுப்பதற்கு எதிரான போராட்டத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லட்சுமணன் பொலிஸ் சூட்டில் இறந்தார். அந்த அம்மா இருக்கும் தோட்டத்துக்குப் பக்கத்து மலை அது.

பசிக்குப் பின்னால் வன்முறை. 1977, 1981, 1983 என்று மூன்று அலை. ஒவ்வொரு அலைக்கும் லொறிகள் வடக்கே போயின. வவுனியாவில் காந்தியம் அமைப்பு இவர்களுக்குக் குடிசையும் தொழிலும் அமைத்துக் கொடுத்தது. அதை நடத்திய டொக்டர் இராஜசுந்தரத்தை 1983இல் கைது செய்தார்கள். ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் அடித்துக் கொன்றார்கள். அந்த வழியாக வந்தவர்கள்தான் எங்கள் தெருவுக்கும் வந்தார்கள். காணி இல்லாத காரணத்தால் வன்னி எல்லையோரம் குடியேற்றப்பட்டு, போர் மூண்டபோது முதல் வரிசையில் நின்றதும் அவர்கள்தான்.

தலவாக்கலையிலிருந்து பதுளைக்குப் போகும் வழியில் தியத்தலாவ வருகிறது. தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளை 1900இல் ஆங்கிலேயர் கொண்டுவந்து அடைத்த ஊர். இன்று இராணுவ முகாம். அடுத்து பண்டாரவளை. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று அருகிலுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து, காவலில் இருந்த தமிழ் இளைஞர்கள் 25 பேருக்கும் மேல் கொன்றது. பொலிஸார் சுற்றி நின்றார்கள். தண்டிக்கப்பட்டவர்களை 2005இல் உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. கோச்சி பண்டாரவளையில் சில நிமிடம்தான் நின்றது. அதற்கு மேல் அந்த ஊரில் எனக்குப் பேச முடியவில்லை.

எதிரே இருந்த பெண் பதுளைக்கருகே ஒரு தோட்டத்துப் பிள்ளை, கொழும்பில் துணிக்கடையில் வேலை. 2022ஐப் பற்றிக் கேட்டேன். காலிமுகத்திடல் போராட்டத்துக்கு இரண்டு மூன்று மாலைகள் போயிருக்கிறாள். ஆனால் அவளுக்கு அந்த வருடம் வீட்டு அடுப்பிலிருந்துதான் தொடங்கியது. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தார்கள், கொழுந்து சுருங்கியது. கொழுந்து குறைந்தால் முழுநாள் பேர் போடாமல் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். அடுத்த வருடம் உக்ரைனில் போர் மூண்டு, கோதுமை விலை உலகம் முழுக்க ஏறியது. ரூபா சரிந்தது. லயத்தில் மூன்று வேளையும் ரொட்டிதானே. 2022 செப்டெம்பரில் உணவு விலைவாசி உயர்வு 90 வீதத்தைத் தாண்டியிருந்தது. "அம்மா கொழும்புக்கு அரிசி அனுப்புவாங்க அண்ணா. அந்த வருசம் நான் கொழும்பிலருந்து மா வாங்கிட்டுப் போனேன், அதும் ஒரு கிலோ." ஜூலையில் ஜனாதிபதி கோட்டாபய நாட்டைவிட்டு ஓடினார். ஆட்சி கவிழ்ந்ததை லயத்தில் யாரும் பட்டாசு போட்டுக் கொண்டாடவில்லையாம்.

எல்லோருக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு குடியுரிமை உண்டு, வாக்கு உண்டு. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்று திட்டங்கள் வந்தன. அவள் வீட்டுக்கும் அப்படி ஒன்று கிடைத்திருக்கிறது. நல்ல வீடு என்றாள், மழை ஒழுகாது. காணி உறுதிப் பத்திரம் கொடுத்தார்களா என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. கூட்டத்துல கேட்டா வரும்ங்கிறாங்க. எங்கப்பா ரெண்டு எலெக்சனா இதத்தான் கேக்குறாரு. வாக்குக் கேட்டு வாறவங்ககிட்ட இப்ப அவர் வேற எதுவும் பேசுறதில்ல."