கடைவாய்ப் பல் எடுத்துக்கொண்ட அனுபவம்

பாலக்கோட்டிலிருந்து தர்மபுரிக்குப் பஸ் ஏறும்போது, அன்றே பல்லை எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். கன்னம் வீங்கியிருந்ததைப் பார்த்த மருத்துவர் பல்லைத் தொடவே இல்லை. சீழ் பிடித்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்காது, முதலில் வீக்கம் வடியட்டும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்கு எரிச்சல்தான். ஆனால் வலியோடு பிடுங்கிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

வாயைத் திறந்ததுமே அவர் கேட்டது, "எந்த ஊர்? சின்ன வயதில் போர் தண்ணீரா?" என் பற்களில் பழுப்புக் கோடுகள் உண்டு. நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்த எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். அதற்காகவே கொண்டுவரப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியது; ஆனால் கறை விழுவது பல் உருவாகும் வயதில், என் காலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. கறைக்காகப் பல்லை எடுக்க வேண்டியதில்லை என்பதையும் அவரே சொன்னார். எக்ஸ்ரேயில் என் பல் வேர்வரை சொத்தையாகிப் பிளந்திருந்தது. அதனால்தான் வேர் சிகிச்சைக்கும் வழியில்லாமல் போனது.

வீக்கம் வடிந்த பிறகு மறுபடி போனேன். வெறும் வயிற்றோடு வராதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர், இதயத்துக்குச் சாப்பிடும் மாத்திரையைப் பல் எடுப்பதற்காகத் தாமாகவே நிறுத்திவிட்டு வந்திருந்தார். "யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள் ஐயா?" என்று நர்ஸ் அதட்டினார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லத்தான் வேண்டும். நிறுத்துவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது அவர் வேலை.

ஊசி குத்தும்போது சுருக்கென்றது, அவ்வளவுதான். சற்று நேரத்தில் பாதி உதடும் பாதி நாக்கும் என்னுடையவை அல்ல என்றாகிவிட்டது. மரத்துவிட்டதா என்று ஈறைக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். முதலில் ஒரு நெம்பு கருவியால் பல்லை மெல்ல அசைத்துக் கொடுத்தார், பிறகு இடுக்கி. வலி இல்லை, ஆனால் அழுத்தம் நன்றாகவே தெரியும். தாடையே கழன்றுவிடும்போல இருந்தது. என்னைக் கலங்க வைத்தது சத்தம்தான்: நெறுக்கென்று எலும்புக்குள்ளேயே கேட்டது. வேர் ஒன்று உடைந்து தனியாக வந்தது. அதையும் எடுத்துத் தட்டில் வைத்துக் காட்டினார்.

வாயில் பஞ்சை வைத்து முக்கால் மணி நேரம் கடித்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். உண்மையான பாடு அதன் பிறகுதான். எச்சிலை அடிக்கடி துப்பக் கூடாது. வெளியே இளநீர் வண்டி நின்றாலும் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. பீடி, சிகரெட் கூடவே கூடாது. பல் இருந்த குழியில் உறையும் ரத்தம்தான் மருந்து. அது பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளியே தெரிந்து, இரண்டு மூன்று நாள் கழித்துக் காதுவரை இழுக்கும் வலி வரும், அப்படி வந்தால் உடனே வாருங்கள் என்றார்கள். எனக்கு வரவில்லை. மரத்த உதட்டைத் தெரியாமல் கடித்துவிடாமலிருக்க, உணர்வு திரும்பும்வரை எதுவும் சாப்பிடவில்லை. இரவில் ஆறிய களியை மோரில் கரைத்து மறுபக்கமாக விழுங்கினேன். களியை மெல்லத் தேவையில்லை என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். அதையும் வேகமாகக் கொப்பளிக்காமல் வாயில் வைத்துச் சாய்த்துவிட வேண்டும்.

கிருஷ்ணகிரியிலிருந்து அத்தை தொலைபேசியில் கூப்பிட்டு, "கண் தெரிகிறதா?" என்று கேட்டார். மேல் பல்லை எடுத்தால் பார்வை போகும் என்பது அவர் நம்பிக்கை. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. "எடுத்தது கீழ்ப் பல் அத்தை" என்றதும்தான் நிம்மதியானார்.

ஈறு மூடிக்கொண்டது. இடத்தைக் காலியாக விட்டால் பக்கத்துப் பற்கள் சாயும் என்கிறார் மருத்துவர். இருபக்கப் பற்களையும் பிடித்துப் பாலம் கட்டுவதா, எலும்பில் திருகு வைத்துப் பொருத்துவதா என்று இப்போது விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.