ஆற்றங்கரை வகுப்பு: ஏழு மாதக் கணக்கு

ஆவணியில் தொடங்கியபோது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர், நான், மூன்று மண்வெட்டி. சேரன்மகாதேவிப் பக்கம், தாமிரபரணிக் கரையில் நாற்பது அடித் துண்டு. சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. ஆற்றில் விட்ட பழந்துணிகள் முள்ளில் சிக்கி, கொடியில் காயப்போட்டது போலத் தொங்கின. அனுமதி வாங்கியது தனிக்கதை, விடுகிறேன்.

முதல் தவறு என்னுடையது. சீமைக்கருவேலை வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்று தண்ணீர் ஓரம்வரை எல்லாவற்றையும் வேரோடு பெயர்த்தோம். அந்த இடத்தில் மருதும் புங்கையுமாக முப்பது கன்று நட்டோம். அதுவரை மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்ததே அந்த வேர்தான் என்பது ஐப்பசி வெள்ளத்துக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. கரை நான்கடி உயரத்துக்குச் செங்குத்தாக அறுந்து நின்றது. மிஞ்சியவை மேட்டில் நட்ட ஒன்பது கன்றுகள்.

ஒரு மாணவியின் தாத்தா, வாழை போடுகிறவர், வந்து பார்த்துச் சிரித்தார். "ஓரத்தில் புல், மேட்டில் மரம். மாற்றி வைத்தால் ஆறு எடுத்துக்கொள்ளும், சார்." மார்கழியில் வெட்டிவேர் வைத்தோம். தூரைப் பிரித்து, தாளை ஒரு சாண் விட்டு நறுக்கி, சரிவுக்குக் குறுக்கே அரைச் சாணுக்கு ஒன்றாக. இதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கும். வளர்ந்தால் மூன்று மீட்டர்கூடப் போகும். அருகருகே தூர் கட்டிவிட்டால் வரிசையே வரப்பாகி மண்ணை நிறுத்தும்.

கணக்குப் பாடத்துக்கு எலுமிச்சம்பழம். கரையில் பத்து மீட்டர் அளந்து, பழத்தை ஆற்றில் விட்டு நேரம் பார்க்கிறோம். தக்கை என்றால் காற்று தள்ளிவிடும். எலுமிச்சை பெரும்பாலும் மூழ்கியே மிதப்பதால் நீரோடு போகும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் நீரின் வேகம். மேல்நீர் அடிநீரைவிட வேகம் என்பதால் அந்த விடையை 0.85 ஆல் பெருக்க வேண்டும். மார்கழியில் 14 விநாடி, மாசியில் 31. தசமப் புள்ளியைக் கண்டாலே முகம் சுளிக்கும் பையன்தான் இப்போது கடிகாரத்தை யாருக்கும் தர மறுக்கிறான். தண்ணீரில் இறங்குவது மட்டும் நான்.

மாசி முதல் சனிக்கிழமை அந்தச் செங்குத்துச் சுவரைச் சரிவாக்க மண்வெட்டியை ஓங்கினேன். "வெட்டாதீர்கள் சார்" என்றாள் ஒருத்தி. விளிம்புக்கு ஓரடி கீழே வட்டமாக ஒரு பொந்து. வாயில் இரண்டு பள்ளக் கோடுகள், கால் உரசி உரசித் தேய்ந்தவை. கீழே புது மண் குவியல். வெண்மார்பு மீன்கொத்தி. நான் கெடுத்த கரைதான் அதற்கு வாய்ப்பான சுவராகியிருக்கிறது.

சுவர் அப்படியே நிற்கிறது. வகுப்பு இருபதடி தள்ளிப் பனங்கட்டைகளுக்கு மாறிவிட்டது. நேற்று ஒரு மணி நேரத்தில் ஏழு முறை உள்ளே போய் வந்ததாகப் பதிவேட்டில் இருக்கிறது. ஏழாவது முறை அலகில் ஓணான் குட்டி. அப்படியானால் இதற்கு மீன்கொத்தி என்று யார் பெயர் வைத்தது என்று அவள் கேட்டாள்.