பெட்ரோல் டேங்க்கும் குடம் ஒட்டும் வித்தையும்

அக்கா மகனுக்காக வாங்கிய வண்டி இது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடையொன்றில், எனாமல் தூக்குகளுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் நடுவே தூசி படிந்து கிடந்த 49 சிசி மினி பைக். டூ ஸ்ட்ரோக். இரண்டு லிட்டர்கூடப் பிடிக்காத வெள்ளை பிளாஸ்டிக் டேங்க். ரோட்டுக்குக் கொண்டுபோக முடியாது, ஊருணிக்கு அந்தப்பக்கம் உள்ள செம்மண் பொட்டலில்தான் ஓட்டம்.

கசிவை முதலில் கண்டுபிடித்தது அப்பத்தா. "ஏப்பா, கல்லுல என்னத்தக் கொட்டி வச்சிருக்கே?" பார்த்தால் முகப்பில் ஆத்தங்குடிக் கல்லின் மேல் உள்ளங்கை அகலத்துக்குப் பிசுக்கு. வெறும் பெட்ரோலாக இருந்தால் ஆவியாகித் தடயமே இருந்திருக்காது. இதில் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்திருப்பதால் எண்ணெய் மட்டும் தங்கிவிடுகிறது.

பெட்ரோல் டேப்பின் வாஷர்தான் போயிருக்கும் என்று நினைத்து அதை மாற்றினேன். கசிவு நிற்கவில்லை. சரி, எல்லோரும் செய்வதைச் செய்வோம் என்று குளியல் சோப்பை எடுத்து, ஈரமாகத் தெரிந்த இடத்தில் அழுத்தித் தேய்த்தேன். பெட்ரோலில் சோப்பு கரையாது, அதனால் ஒரு நாள் தாங்கியது. வீடு வந்து சேர்வதற்கு அது போதும். வைத்தியம் என்று சொல்ல முடியாது.

அப்புறம் பிசைந்து ஒட்டும் எபாக்ஸி புட்டி. கல் மாதிரி இறுகியது, எனக்கும் பெருமை. நான்காம் நாள் நகத்தால் தொட்டேன், எண்ணெய் தடவிய கல்லிலிருந்து தோசை எழும்புவதுபோல் முழுசாகக் கழன்று வந்தது. தப்பு புட்டியில் இல்லை. டேங்க்கின் அடியில் எச்டிபிஇ என்று பொறித்திருந்ததை நான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். எச்டிபிஇ என்பது பாலிஎதிலீன் வகை பிளாஸ்டிக், சாதாரணப் பசை எதையும் சேர்த்துக்கொள்ளாது. பிவிசி குழாய்க்குப் போடும் சொல்யூஷனும் இதைக் கரைக்காது. சந்தேகத்துக்கு ஓரத்தில் ஒரு சீவல் சீவித் தண்ணீரில் போட்டேன், மிதந்தது. ஏபிஎஸ், நைலான் மாதிரி வேறு பிளாஸ்டிக்காக இருந்தால் மூழ்கியிருக்கும்.

இதை உருக்கித்தான் சேர்க்க வேண்டும். அப்போதுதான் சின்ன வயதில் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வரும் குடம் ஒட்டுபவர் ஞாபகத்துக்கு வந்தார். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பழைய குடத்தின் துண்டை உருக்கி, ஓட்டையோடு இழைத்துவிட்டுப் போவார். அவரிடம் பசை டப்பா எதையும் நான் பார்த்ததில்லை.

விரிசல் எதுவரை ஓடியிருக்கிறது என்று தெரிய வேண்டுமே. டேங்க்கைக் கழற்றிக் காலி செய்து, உள்ளே கொஞ்சம் டீசல் ஊற்றி, வெளியே நன்றாகத் துடைத்து, அப்பத்தாவின் கோலமாவைத் தூவி வைத்தேன். பத்து நிமிடத்தில், டேங்க்கை வண்டியோடு சேர்த்து முறுக்கும் முன்பக்க போல்ட் காதை ஒட்டி மயிரிழை போல ஒரு ஈரக்கோடு. ஒன்றரை இஞ்ச். கண்ணுக்குத் தெரிந்தது அதில் பாதிதான். கோடு முடிகிற இரண்டு நுனியிலும் 2 மி.மீ. ட்ரில் பிட்டால் துளை போட்டேன். இல்லாவிட்டால் விரிசல் ஒட்டின இடத்தைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

இங்கே நான் செய்யவிருந்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வளவு முற்றம் வானம் பார்த்ததுதானே, காற்றாடும் என்று டேங்க்கை அங்கே காயவைத்தேன். முற்றமோ சுற்றுத் திண்ணையைவிடத் தாழ்ந்த இடம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம், பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். பொழுது சாய்ந்தால் அப்பத்தா அதே முற்றத்தின் ஓரமாக விளக்கேற்றுவார். நினைத்த மாத்திரத்தில் வியர்த்துவிட்டது. எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். காலி டேங்க்தான் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்து என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். காற்றில் ஒன்றரை சதவீத அளவுக்கு ஆவி கலந்தாலே பற்றிக்கொள்ளும்.

பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் விட்டு மூன்று முறை குலுக்கிக் கழுவினேன். முன்பு தேய்த்த சோப்பும் புட்டியின் மிச்சமும் விரிசலுக்குள் புகுந்திருந்தன. பிளேடால் வி வடிவத்தில் சுரண்டி எடுக்கவே ஒரு மாலை போனது. ஆக, அவசரத்துக்குச் செய்த இரண்டு வைத்தியமும் வேலையைக் கூட்டத்தான் செய்தன.

மறுநாளே ஒட்டப் பார்த்தேன். உருகின பிளாஸ்டிக் ஆப்பம் மாதிரிப் பொத்துப் பொத்தாகப் பொங்கியது. பெட்ரோல் சுவருக்குள்ளேயே ஊறியிருக்கிறது, மேலே கழுவினால் போகாது. உருகியதை மறுபடி சுரண்டிவிட்டு, மூடியைத் திறந்து கொல்லையில் பத்து நாள் காயவிட்டேன். நம் ஊர் வெயிலுக்கு அந்த வேலையெல்லாம் சுலபம்.

பத்து நாள் கழித்து மீண்டும் உட்கார்ந்தேன். விரிசல் மேலே வருமாறு டேங்க்கைச் சாய்த்து, அதற்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர் நிரப்பினேன், உள்ளே ஆவி தங்க இடம் இருக்கக்கூடாது என்பதற்காக. தண்ணீர் விரிசலைத் தொட்டால் சூட்டை உறிஞ்சிவிடும், அதனால் அந்த ஒரு விரல் இடைவெளி. 60 வாட் சால்டரிங் அயர்ன். எச்டிபிஇ 130 டிகிரி வாக்கில் உருகிவிடும், அயர்னின் முனையோ அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் போகும். பிளாஸ்டிக் பழுப்பாகிப் புகைந்தால் அந்த இடம் செத்தது. அயர்னை வைத்து வைத்து எடுத்துத்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது. ஒட்டுத் துண்டுக்குக் காலி இஞ்சின் ஆயில் கேன், அதுவும் எச்டிபிஇதான், நீளவாக்கில் வெட்டிக்கொண்டேன். முதலில் விரிசலின் இரு கரையையும் உருக்கி ஒன்றாக்கினேன். அதன்மேல் பழைய எஸ்எஸ் டீ வடிகட்டியின் வலையில் ஒரு துண்டை வெட்டிப் பதித்து, மேலே கேன் துண்டை உருக்கி மூடினேன். அழகு என்று சொல்ல முடியாது. மாட்டுச் சாணம் அப்பினது மாதிரி இருக்கிறது.

சோதனைக்கு, டேப்பை மூடிவிட்டு, மூடியின் வாயில் ட்யூப் செருகி வாயால் மெல்ல ஊதி, ஒட்டின் மேல் சோப்பு நுரை தடவினேன். குமிழி வரவில்லை. ராத்திரி முழுக்கத் தண்ணீர் நிரப்பியும் வைத்துப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது.

மாட்டுவதற்கு முன் விரிசல் ஏன் வந்தது என்று பார்த்தேன். காரணம் இரண்டு. ரப்பர் வாஷரே இல்லாமல் யாரோ போல்ட்டை முறுக்கு முறுக்கென்று முறுக்கியிருந்தார்கள். மூடியில் காற்றுப்போகும் பொடித்துளை செம்மண் அடைத்து மூடியிருந்தது. வெயிலில் டேங்க் உப்பும்போது போல்ட் காது மட்டும் அசையாமல் நிற்கும், அங்கேதான் கிழியும். சைக்கிள் ட்யூபில் வாஷர் வெட்டிப் போட்டு, துளையை ஊசியால் குத்தித் திறந்தேன். இதைச் செய்யாமல் ஒட்டியிருந்தால் பக்கத்திலேயே இன்னொரு கோடு விழுந்திருக்கும்.

மூன்று வாரமாகிறது, கல்லில் பிசுக்கு இல்லை. ஆனால் போன ஞாயிறு மருமகன் டேங்க்கில் ஒட்டிய ஸ்டிக்கர் அம்மை போட்ட மாதிரிக் கொப்பளித்திருந்தது. "மாமா, மறுபடி லீக்கா?" லீக் இல்லை. இந்த பிளாஸ்டிக் வழியாகப் பெட்ரோல் ஆவி எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டுதான் இருக்கும், கார் டேங்க்குகளில் நடுவே தனியாக ஒரு தடுப்பு அடுக்கு வைப்பது அதற்காகத்தான். அப்பத்தாவின் தையல் ஊசியை வாங்கி ஸ்டிக்கர் முழுக்க வரிசையாகக் குத்தினோம். நாற்பது துளை வரை அவன் எண்ணினான், அதற்குள் அப்பத்தா ஊசியைத் திருப்பிக் கேட்டுவிட்டார்.